எண்பது மணி நேரம்

தீர்ப்பில் எண்பது மணி நேரம் என்று இருந்தது.
குடித்துவிட்டு டாக்ஸி ஓட்டியதற்கு.
யாரும் சாகவில்லை.
ஒரு பழக்கடையின் முகப்பு,
தெரு முழுக்க உருண்ட கொய்யாக்கள்,
அவ்வளவுதான்.

கீலுங் துறைமுகத்தில் மழை விடுவதில்லை.
மேம்பாலத்துக்கு அடியில் ஒரு தகரக் கூரை,
கூரைக்கு அடியில் ஊரே குடித்து முடித்த பாட்டில்கள்,
பாட்டில் மலைகளுக்கு நடுவே
குட்டை ஸ்டூல் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர்.
மணிமாலை உருட்டுகிறவர் எவருமில்லை.
பௌத்த சங்கம் என்றுதானே கோர்ட்டில் சொன்னார்கள்,
புத்தர் எங்கே என்று கேட்டேன்.
"மூடியைத் திருகு. லேபிளை உரி. மிதித்து நசுக்கு"
என்றாள் யா-ச்சிங்,
முன்பு வங்கியில் நோட்டு எண்ணிய விரல்காரி.
காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடி நீல வாளிக்கு.
லேபிள் கோணிச் சாக்குக்கு.
பசை மட்டும் எங்கும் போகாது,
நகக்கண்ணிலேயே தங்கிவிடும்.
சோறு பிசையாத ஊர் என்பதால் பிழைத்தேன்;
குச்சிகளும் ஒட்டின.

மாதம் ஒருமுறை பிக்குணி மியாவ்-ஷின் வருவார்.
சாம்பல் அங்கியின் கைகளை ரப்பர் வளையத்தில் செருகிக்கொண்டு
பால் புளித்து நாறுகிற கோப்பைகளாகப் பார்த்து
தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.
ஒருநாள், தர்மம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள்.
எழுந்து நின்றார். யோசித்தார்.
"ஜவ்வரிசி உருண்டைகள் சாக்கடைக் குழாயை அடைக்கின்றன,
இனி வடிகட்டியில் கொட்டுங்கள்" என்று
திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தோராவது மணியில்
கண்ணாடிக் குவியலில் ஒரு கோலியாங் பாட்டில்.
அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.
சுவர்ப் பக்கம் திரும்பினேன்.
யாரோ எவரோ எச்சில் வைத்தது,
மழைத்தண்ணீரும் கலந்திருக்கும்,
தொண்டையில் இறங்கியபோது
அம்மா பெயரைச் சொன்னமாதிரி இருந்தது.
திரும்பினால் யா-ச்சிங்.
"அந்த மூடி தகரம், சிவப்பு வாளி" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
மறுநாள் என் ஸ்டூல் பிளாஸ்டிக் பக்கம் நகர்ந்திருந்தது.
யார் நகர்த்தியது என்று நானும் கேட்கவில்லை.

எண்பது முடிந்தது. முத்திரை குத்தினார்கள்.
பிறகு அத்தனை பேரும் வரிசையாக நின்று
இடுப்பு மடிய வணங்கி
எனக்கு நன்றி சொன்னார்கள்.
எனக்கு!
தண்டனைக்கு வந்தவனுக்கு.
பழக்கடைக்காரன் அறைந்ததைவிட அது எரிந்தது.
போய்விட்டேன். திரும்பிப் போகவில்லை.
(திருந்திய கதை வேண்டுமானால்
வேறு ஆளைப் பாருங்கள்.)

செப்டம்பரில் புயல்.
என் அடித்தள அறையில் தண்ணீர் நுழைந்தது
வாடகைக்கு வந்தவன் மாதிரி, கதவைத் தட்டி, மெதுவாக;
பின் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியது.
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் இருநூறு பேர்.
கூடைப்பந்து வளையத்தில் யாருடைய காற்சட்டையோ காய்கிறது.
முன்பின் தெரியாத ஒருத்தி
சாம்பல் நிறப் போர்வையை இரண்டு கையாலும் நீட்டினாள்.
அதே வளைவு. அதே நன்றி.
கோபப்படலாம் என்று பார்த்தேன்.
கை நடுங்கியது, குளிரால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வாங்கிக்கொண்டேன்.

அறுபது பாட்டில் சேர்ந்தால் ஒரு போர்வை என்று
அங்கே யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
மணிக்கு இருநூறு உரித்திருப்பேனா?
ஆரம்பத்தில் நூறுகூட இல்லை.
அதில் கண்ணாடிப் பக்கம் போன நாட்களைக் கழிக்கவேண்டும்.
பெருக்கினேன், வகுத்தேன், விட்ட இடம் மறந்து
மறுபடியும் பெருக்கினேன்.
பக்கத்தில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

முகர்ந்து பார்த்தேன்.
தேநீர் இல்லை, புளித்த பால் இல்லை,
வெறும் சோப்பு.
ஓரத்தில் சின்னதாக ஒரு துணி லேபிள் தைத்திருந்தது.
விளக்கை அணைத்த பிறகு
என் கட்டைவிரல் நகம்
தன்பாட்டுக்கு அதை உரிக்கத் தொடங்கியது.